முழங்காலை நோகாமல் எவ்வளவு விரிக்கலாம்? அளந்து எழுதி வையுங்கள்

தாய்மார் கேள்வி - பதில்
பதில் தருபவர்: மகப்பேற்று வார்ட்டுகளில் வேலை செய்து இளைப்பாறிய பிசியோதெரபிஸ்ட், கொழும்பு

கேள்வி: அக்கா, எனக்கு இப்போது 31 வாரம். இரண்டாவது பிள்ளை. மூன்றாம் மாடியில் இருக்கிறோம், லிப்ட் அடிக்கடி வேலை செய்யாது. கவட்டெலும்பிலும் வலப்பக்க நாரியிலும் சரியான நோ. இரவில் புரண்டு படுத்தால் எலும்பு கழன்று வருவதுபோல் இருக்கிறது, 'டக்' என்று சத்தமும் கேட்கிறது. "வயித்துப்பிள்ளைக்காரிக்கு நாரி நோகத்தானே செய்யும்" என்கிறா மாமி. மூத்தவனைப் பெற்றபோது இரண்டு காலையும் உயர்த்திக் கட்டி வைத்தார்கள். இந்த முறை அதை நினைக்கவே பயம். சீசர் கேட்கலாமா? பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, இந்த நோவால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது. அந்தப் பயத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது இடுப்பு வளைய நோ. ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருகிறது. இடுப்பெலும்பில் முன்னால் கவட்டில் ஒரு மூட்டும், பின்னால் நாரிக்குக் கீழே இரு பக்கமும் ஒவ்வொரு மூட்டும் இருக்கின்றன. இவை சீராக அசையாமல் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் அசைந்தால், சுற்றியுள்ள தசைகள் இறுகி நோவெடுக்கும். இதைச் சாதாரண நாரி நோவிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 2008இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டியே சொல்கிறது. ஆகவே மாமி சொல்வதுபோல் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. கிளினிக்கில் வைத்தியரிடம் பிசியோதெரபிப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. நேரத்தோடு போனால் நேரத்தோடு குறையும். கடைசி மாதம் வரட்டும் என்று காத்திருந்து, கட்டிலை விட்டு எழும்ப முடியாத நிலையில் வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கால்களும் வெவ்வேறு வேலை செய்யும்போதுதான் இந்த நோ கூடும். இதை மனதில் வைத்தால் வீட்டில் எதை மாற்றுவது என்று உங்களுக்கே விளங்கும். பாவாடையையும் உள்ளாடையையும் கட்டிலில் இருந்துகொண்டு போடுங்கள். திருவலையில் இருந்து தேங்காய் துருவ வேண்டாம், தொடையை அகட்டி வைத்து அழுத்துகிற வேலை அது. அதை வீட்டுக்காரர் செய்யட்டும். மூத்தவனை ஒரு பக்க இடுப்பில் தூக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அவன் அழுதால் நீங்கள் இருந்துகொண்டு மடியில் ஏற்றுங்கள். புரளும்போது முழங்கால்களை மடித்து ஒட்டிவைத்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும். பக்கவாட்டில் படுக்கும்போது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இடையில் தலையணை வேண்டும். ஓட்டோவில் ஒரு காலைத் தூக்கி வைத்து ஏறாமல், முதலில் சீட்டில் பின்பக்கமாக இருந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுங்கள். லிப்ட் இல்லாத நாளில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, ஏறும்போது நோகாத கால் முன்னுக்கு, இறங்கும்போது நோகிற கால் முன்னுக்கு.

நோவுக்குப் பனடோல் எடுக்கலாம், வைத்தியர் சொன்ன அளவில். பார்மசியில் ஐபுபுரோஃபனோ டைக்லோபினாக்கோ தந்தால் வாங்காதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பன்னீர்க்குட நீரைக் குறைக்கக்கூடும். இன்னும் பிந்திய வாரங்களில் பிள்ளையின் இதயத்தருகே உள்ள ஓர் இரத்தக் குழாயை நேரம் வருமுன் மூடவும் கூடும்.

இனி, நீங்கள் பயப்படுகிற விஷயம். இந்த நோவுக்காக மட்டும் சீசர் தேவைப்படுவது மிக அரிது. பெரும்பாலானவர்கள் சுகமாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் கால்களை யார், எவ்வளவு அகட்டுகிறார்கள் என்பதை நீங்கள் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு முழங்கால்களை மெதுவாக விரியுங்கள். நோ தொடங்குமுன் நிறுத்துங்கள். இரண்டு முழங்காலுக்கும் இடையிலுள்ள தூரத்தை வீட்டுக்காரர் டேப்பால் அளக்கட்டும். அடுத்த முறை குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது, அந்த அளவைக் கிளினிக் கார்டில் சிங்களத்திலும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளைப்பேற்றுக் குத்து வந்துகொண்டிருக்கும்போது வார்ட்டில் சிங்களத்தில் விளங்கப்படுத்த யாருக்கும் வராது.

மல்லாக்கப் படுப்பதைவிடப் பக்கவாட்டிலோ, முழங்காலில் நின்று கைகளை ஊன்றியோ பெறுவது இந்த மூட்டுகளுக்கு நல்லது. தையலுக்கோ, பிள்ளையை உறிஞ்சி எடுக்கும் வெக்யூமுக்கோ காலை உயர்த்தத்தான் வேண்டுமென்றால், இரண்டையும் ஒன்றாக ஏற்றி ஒன்றாக இறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த உடனேயே இறக்க வேண்டும். முதுகில் எபிடியூரல் என்ற விறைப்பு ஊசி போட்டால் இன்னும் கவனம் தேவை. விறைத்திருக்கும்போது நோ தெரியாது, அளவுக்கு மீறி அகட்டினாலும் உங்களுக்கு விளங்காது. அந்த அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். முதல் முறை உங்களுக்கு நடந்ததை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதைக் கேட்க வேண்டியது அவருடைய கடமை.

இரத்தம் பட்டாலோ, பன்னீர்க்குடம் உடைந்து நீர் போனாலோ, நோ விட்டுவிட்டு ஒழுங்காக வந்தாலோ, கால் விறைத்தாலோ, காய்ச்சலோடு சலம் எரிந்தாலோ அது வேறு விஷயம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மகள் பிள்ளை பெற்று மூன்று கிழமை. இன்னும் கவட்டெலும்பு நோகுது என்கிறாள். வேது குளிக்க வார்க்கலாமா? வயிற்றைத் துணியால் கட்டினால் நோ நிற்குமா?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, தாராளமாக வார்க்கலாம், வெந்நீர் இதம்தான். சீசர் காயமோ தையலோ இருந்தால் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பலகையில் குந்த வைக்காமல் உயரமான கதிரையில் இருத்துங்கள். வயிற்றில் கட்டும் துணி இந்த நோவுக்கு உதவாது. இதற்குரிய பெல்ட் வயிற்றுக்குக் கீழே, இரு தொடையெலும்பும் புடைத்துத் தெரியும் இடத்தைச் சுற்றி வரும். நடக்கும்போது போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். சரியாகப் பொருத்திக் காட்ட ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போங்கள். மூன்று கிழமையில் நோ இருப்பது வழமை, பலருக்குச் சில மாதங்களில் போய்விடும். அதுவரை பிள்ளையைக் குளிப்பாட்டுவதையும் துணி அலசுவதையும் நீங்கள் பார்த்துக்கொண்டால், அவள் பால் கொடுத்துவிட்டுப் படுக்கலாம்.