மனைவி மருத்துவமனையில் இருக்க, விடுதி பணத்தை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நாங்கள் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் வசிக்கிறோம். குளிர்காலத்தில் இங்கே விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும். என் மனைவிக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆகஸ்ட் மாதப் பெண்கள் தின விடுமுறையோடு சேர்ந்து வந்த நீண்ட வார இறுதியில், வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவுகள், குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கடலோர ஊரான செயின்ட் லூசியாவில் தங்க ஒரு விருந்தினர் விடுதியில் அறை பதிவு செய்தேன். இரவுக்கு 3,200 ராண்ட் வீதம் 9,600 ராண்டையும் முன்னதாகவே வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்திவிட்டேன். என் தங்கையும் அவள் கணவரும் பக்கத்து அறையைத் தங்கள் பெயரில் தனியே பதிவு செய்து, அதே தொகையைக் கட்டியிருந்தார்கள்.

புறப்படுவதற்கு முந்திய புதன்கிழமை இரவு, நிமோனியா என்று மனைவியை மருத்துவமனையில் சேர்த்தோம். வியாழன் காலையிலேயே விடுதிக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். அம்மா ஒருவரால் பிள்ளைகளைச் சமாளிக்க முடியாது என்பதால் தங்கையும் பயணத்தைக் கைவிட்டு, அன்று காலையே ரத்து செய்தாள். மனைவி சனிக்கிழமை மதியம் வீடு திரும்பினாள். வியாழன் மாலையில் எங்கள் நண்பர் ஒருவர் அதே விடுதியில் இடம் கேட்டபோது, எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது.

வருகைக்கு 14 நாட்களுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பது தங்கள் விதி என்கிறார் உரிமையாளர். பதிவு என் பெயரில் இருக்கிறது, நோயுற்றவர் நான் அல்ல என்கிறார். மனைவி சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டதால் மிச்ச இரண்டு இரவுகளுக்காவது வந்திருக்கலாம் என்கிறார். முழு மருத்துவ அறிக்கையையும் கேட்கிறார். கடைசியாக, நவம்பர் முடிவதற்குள் விடுமுறை அல்லாத நாட்களில் பயன்படுத்திக்கொள்ளும்படி ஒரு வவுச்சர் தருவதாகச் சொல்கிறார். எங்கள் இரு குடும்பங்களுக்கும் பணம் கிடைக்குமா?

பதில்: உங்கள் மனைவி தேறி வருகிறார் என்றே நம்புகிறேன். உங்கள் வழக்கும் உங்கள் தங்கையின் வழக்கும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், சட்டத்தின் முன் அவை இரண்டு வேறு வழக்குகள். உங்களுடையது மிக வலுவானது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, முன்பதிவு செய்த எவருக்கும் அதை ரத்து செய்யும் உரிமையைத் தருகிறது. அதற்கு ஈடாக, விடுதிக்காரர் நியாயமான முன்பணம் கேட்கலாம், ரத்து செய்தால் நியாயமான கட்டணமும் பிடிக்கலாம். ஆனால் அதே பிரிவின் 5ஆம் உட்பிரிவு இந்தக் கட்டணத்துக்கு ஒரு முழுத் தடையை விதிக்கிறது: எவருக்காக, அல்லது எவருடைய நன்மைக்காக, முன்பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்ததாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாலோ பதிவை நிறைவேற்ற முடியாமல் போனால், எந்த ரத்துக் கட்டணமும் விதிக்கக் கூடாது. குறைந்த கட்டணம், பாதிக் கட்டணம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. செலுத்திய பணத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வதும், பெயர் எதுவானாலும், கட்டணம் பிடிப்பதுதான்.

இந்த வாசகத்தை வைத்துக்கொண்டு பார்த்தால், பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது என்ற வாதம் நிற்காது. சட்டம் பணம் கட்டியவரின் உடல்நலத்தை மட்டும் கேட்கவில்லை. அறை எவருக்காகப் பதிவு செய்யப்பட்டது என்று கேட்கிறது. இருவர் தங்கும் அறை, இருவருக்கான கட்டணம், கணவனும் மனைவியும் சேர்ந்து போக இருந்த பயணம். பதிவு உறுதிச் செய்தியில் இரண்டு பெரியவர்கள் என்று இருந்தால், அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. மனைவியை மருத்துவமனைப் படுக்கையில் விட்டுவிட்டுக் கணவன் தனியாகக் கடற்கரைக்குப் போயிருக்கலாமே என்று ஒரு வணிகர் எழுத்தில் சொல்வது வருந்தத் தக்கது. அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள், அது உங்களுக்கே உதவும்.

சனிக்கிழமை வந்திருக்கலாம் என்ற வாதத்தைத்தான் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் எதிர்த்தரப்பின் வாதங்களில் ஓரளவாவது எடை உள்ளது இது ஒன்றுதான். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது ‘காரணமாக’ப் பதிவை நிறைவேற்ற முடியாமல் போயிருக்க வேண்டும் என்கிறது பிரிவு, ஆகவே இரண்டுக்கும் உள்ள தொடர்பை நீங்கள் காட்ட வேண்டும். உங்கள் பதிவு வெள்ளிக்கிழமை தொடங்கும் ஒரே பதிவு. நீங்கள் அதை ரத்து செய்த வியாழனன்றும், அது தொடங்க வேண்டிய வெள்ளியன்றும் உங்கள் மனைவி உள்நோயாளி. எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று வியாழன் காலையில் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சனிக்கிழமை மதியம் வீடு திரும்பியவரை, நுரையீரல் தொற்று முற்றும் ஆறாத நிலையில், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் காரில் உட்காரவைத்துக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று வழக்கை விசாரிக்கும் எந்த நீதிமன்ற ஆணையரும் ஏற்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் இந்த ஓட்டையை அடைத்துவிடுவது நல்லது: சிகிச்சையளித்த மருத்துவரிடம், வீடு திரும்பிய பிறகும் சில நாட்கள் நெடுந்தூரப் பயணம் கூடாது என்ற அறிவுரையை இரண்டு வரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சேராமல், காய்ச்சலுக்கு மருத்துவர் தந்த ஓய்வுச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இந்த உட்பிரிவைக் கோருகிறவர்களுக்கு நிலைமை இவ்வளவு சாதகமாக இருக்காது என்பதைப் பிற வாசகர்களும் கவனிக்க வேண்டும்.

முழு மருத்துவ அறிக்கையைக் கொடுக்க வேண்டாம். உடல்நலத் தகவல் 2013ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனிப் பாதுகாப்புக்குரியது. சேர்க்கப்பட்ட நாளும் அனுப்பப்பட்ட நாளும் குறித்து மருத்துவமனை தரும் கடிதமும், மேலே சொன்ன பயணத் தடைக் குறிப்பும் போதும். எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனை முடிவும் ஒரு விடுதிக்காரருக்கு எதற்கு?

இனி, 14 நாள் விதி. இணையதளத்தில் எழுதிவைத்ததாலேயே ஒரு நிபந்தனை சட்டத்தை வென்றுவிடாது. நுகர்வோருக்கு இச்சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுக்கச் செய்யும் அல்லது பறிக்கும் நிபந்தனைகளை 51ஆம் பிரிவு தடை செய்கிறது. அப்படிப்பட்ட நிபந்தனை அந்த அளவில் செல்லாது. நீங்கள் ஒப்புக்கொண்டு பெட்டியில் குறியிட்டிருந்தாலும், கையெழுத்தே போட்டிருந்தாலும் இதுதான் நிலை. சிறிய குடும்ப விடுதி என்பதும் விலக்கு ஆகாது. தொழிலாக அறை வாடகைக்கு விடுகிற எவரும் இச்சட்டத்துக்கு உட்பட்டவரே. வவுச்சரையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. பணமாகத் திரும்ப வேண்டியதைப் பணமாகக் கேளுங்கள். “சரி, அனுப்புங்கள், பார்க்கலாம்” என்று இடையில் ஒரு செய்தி போட்டுவிட்டால், நீங்கள் சமரசத்துக்கு இசைந்தீர்கள் என்று பின்னால் வாதிடுவார்கள். இதில் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள்.

உங்கள் தங்கையின் நிலை வேறு. அவர் பதிவு செய்த அறை அவருக்கும் அவர் கணவருக்கும் உரியது. அவர்களில் எவரும் மருத்துவமனையில் சேரவில்லை. அண்ணியின் நோய்க்காகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நின்றது எத்தனை நல்ல காரணமாக இருந்தாலும், 5ஆம் உட்பிரிவின் சொற்கள் அதுவரை நீளவில்லை. நம் குடும்பங்களில் இது அடிக்கடி நேர்வது: பெற்றோர் ஒருவர் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை மகனும் மருமகளும் வீட்டை விட்டு நகர முடியாமல் பயணத்தை ரத்து செய்கிறார்கள், அறை அந்தப் பெற்றோருக்காகப் பதிவு செய்யப்பட்டதல்ல என்பதால் அவர்களுக்கும் இந்த முழு விலக்குக் கிடைப்பதில்லை. சட்டம் இவ்வளவு குறுகலாக எழுதப்பட்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இருக்கிற சட்டத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதனால் தங்கை வெறுங்கையோடு திரும்ப வேண்டும் என்பதில்லை. கட்டணம் ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற பொது விதி அவருக்கும் உண்டு. எது நியாயம் என்பதை அளக்கச் சட்டம் பார்க்கச் சொல்பவை: பதிவு செய்த சேவையின் தன்மை, எவ்வளவு முன்னதாக அறிவிப்புக் கொடுக்கப்பட்டது, அறிவிப்புக்கும் பதிவு நாளுக்கும் இடையில் விடுதிக்காரர் முயற்சி எடுத்திருந்தால் வேறொருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்க முடியுமா என்பது, அத்தொழிலின் பொது வழக்கம். ஒரே நாள் முன்னதாகச் சொன்னது அவருக்குப் பாதகம்தான். ஆனால் மூன்றாவது அளவுகோல் அவருக்குக் கைகொடுக்கிறது. நீண்ட வார இறுதிக்குக் கிராக்கி அதிகம், ஆகவே பணம் திரும்பாது என்று உரிமையாளர் வாதிடலாம். அந்தக் கிராக்கியே அவருடைய வாதத்துக்கு எதிராகத் திரும்புகிறது. மேட்டுநிலமெல்லாம் குளிரில் நடுங்கும் ஆகஸ்டில், திமிங்கிலங்கள் கரையோரமாகக் கடந்துபோகும் பருவத்தில், மூன்று நாள் விடுமுறைக்குச் செயின்ட் லூசியாவில் காலியாகும் அறையைத் தேடி ஆட்கள் வருவார்கள். உங்கள் நண்பருக்கு வியாழன் மாலை வந்த பதில் இதற்கான முதல் சான்று. அந்த அறையும் அதில் அடங்குமா என்று அது திட்டவட்டமாகக் காட்டாது. ஆகவே தங்கை எழுத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: அந்த மூன்று இரவுகளும் என் அறையில் வேறு எவராவது தங்கினார்களா? அறை மீண்டும் விற்றிருந்தால், நிர்வாகச் செலவாக ஒரு சிறு தொகைக்கு மேல் பிடிப்பதை நியாயப்படுத்துவது மிகக் கடினம். காலியாகவே கிடந்திருந்தால், கணிசமான பகுதியை விடுதி வைத்துக்கொள்ள இடமுண்டு என்பதைத் தங்கை ஏற்க வேண்டியிருக்கும். அப்போதும், இழப்புக்குப் பொருந்தாத அளவு பெரிய தண்டத் தொகையைக் குறைக்கும் அதிகாரம் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத் தண்டத் தொகைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி நீதிமன்றத்துக்கு இருக்கிறது.

இணையத்தில் வாங்கியதை ஏழு நாட்களுக்குள் காரணமின்றி ரத்து செய்யலாமே என்று பலர் கேட்பதுண்டு. 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் அந்த உரிமையைத் தருவது உண்மை. குறிப்பிட்ட நாளுக்கான தங்குமிடம், போக்குவரத்து, உணவு, பொழுதுபோக்குச் சேவைகளை அது விலக்கிவிடுகிறது. அதை உங்கள் கடிதத்தில் எழுதி, வலுவான வாதத்தை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது. இருவரும் தனித்தனிக் கடிதம் எழுதுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டு கோரிக்கையையும் கலந்தால், தங்கையின் பலவீனம் உங்களுடையதையும் பற்றிக்கொள்ளும். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பின்னால் அதுவே வழக்கின் ஆவணமாகும். நீங்கள் 17ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, 9,600 ராண்டை முழுமையாக 14 நாட்களுக்குள் உங்கள் கணக்கில் செலுத்தும்படி கேளுங்கள். மருத்துவமனைக் கடிதம், பதிவு உறுதிச் செய்தி, வங்கிச் சான்று, வாட்ஸ்அப் உரையாடலின் படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். மின்னஞ்சலில் அனுப்புவதோடு பதிவுத் தபாலிலும் அனுப்பி, தபால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டாம். அங்கே தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சிறு வழக்குகள் நீதிமன்றம் இன்னொரு வழி: 20,000 ராண்ட் வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கும், வழக்கறிஞர்கள் அங்கே எவருக்காகவும் வாதிட முடியாது, நீங்களே நேரில் நின்று பேச வேண்டும். எதிராளி வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் பகுதியின் நீதிமன்றத்தில்தான் பொதுவாக வழக்குப் போட முடியும் என்பதால், நீங்கள் லெனேசியாவிலிருந்து குவாசுலு-நட்டால் வரை போக வேண்டியிருக்கும். பெட்ரோலுக்கும் தங்குவதற்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டால், குறைதீர்ப்பாளர் வழியை முதலில் முயல்வதே உங்களுக்கு ஏற்றது. வங்கிக் கணக்கு வழியாகப் பணம் போனதால், கடன் அட்டையில் கட்டியவர்களைப் போல வங்கியிடம் முறையிட்டுப் பணத்தை மீட்கும் வழி உங்களுக்கு இல்லை.

இத்தகைய கோரிக்கைகளுக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. ஆனால் தங்கையின் வழக்கு முழுவதும் அந்த அறையில் யார் தங்கினார்கள் என்பதில் அடங்கியிருப்பதால், விடுதியின் பதிவேடும் நண்பரின் கைபேசியில் உள்ள செய்தியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே, அவர் தம் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடட்டும்.