பக்கத்து பார்பெல்லில் எத்தனை கிலோ?

கேள்வி: ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. என்னோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பன் 70 கிலோ ஸ்குவாட் (பார்பெல் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) போடுகிறான். நான் 40-ஐத் தாண்டவில்லை. அவனைவிட நான் நல்ல உயரம் வேறு. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். போன வாரம் அவனுக்கு ஈடுகொடுக்க 60 ஏற்றினேன், கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போகலாமா?

பதில்: முதலில் முதுகைக் கவனியுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வெறும் பிடிப்புதான் என்றால், வலி அடங்கும்வரை ஸ்குவாட் வேண்டாம், நடை போதும்.

உங்கள் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். தொடை எலும்பு நீளமாக உள்ளவர் ஸ்குவாட்டில் உட்காரும்போது சமநிலைக்காக உடம்பை அதிகம் முன்னால் சாய்த்தாக வேண்டும். கீழ்முதுகுக்கு வேலை கூடும். கம்பி இறங்கி ஏறும் தூரமும் அதிகம். நண்பனின் 70-ம் உங்கள் 40-ம் ஒரே அளவுகோலில் எடுத்த எண்கள் அல்ல. உயரத்துக்கு ஏற்பக் கைகளும் நீளமாக இருந்தால், அவை டெட்லிஃப்டில் (தரையிலிருந்து கம்பியைத் தூக்குவது) உங்களுக்கு உதவும், பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்துக்கொண்டு கம்பியை மேலே தள்ளுவது) மறுபடி பாரமாகும்.

அப்புறம், முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசை பெருத்து வருவதல்ல. இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க நரம்புகள் பழகுவதால் வருவது. முன்பே ஏதாவது விளையாடியவர்களுக்கு இது சட்டென்று அமையும். உங்கள் நண்பன் சிறுவயதில் ஓடி ஆடியவரா என்று கேட்டுப் பாருங்கள்.

உடம்புக்கு உடம்பு வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு 2005-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. 585 பேருக்கு 12 வாரம் ஒரே கைப்பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்குத் தசையின் அளவு கொஞ்சமும் கூடவில்லை. ஒருவருக்கு 59 சதவீதம் கூடியது. பலத்தில் இடைவெளி இன்னும் பெரிது. அத்தனை பேரும் செய்தது ஒரே பயிற்சிதான். அதனால் "ஒரே நாளில்தானே சேர்ந்தோம்" என்ற கணக்கை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. நல்ல உழைப்பாளிகள் பலர் இந்தக் கணக்கால்தான் ஜிம்மை விட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும்.

கூச்சத்துக்கு வருகிறேன். தாமஸ் கிலோவிச்சும் சக உளவியலாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சங்கடமான டி-ஷர்ட் போட்ட மாணவர்கள் அறையில் இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர். ஜிம்மிலும் அப்படித்தான். அடுத்தவர் தன் ரெப்பை, அதாவது எத்தனை முறை தூக்கினோம் என்பதை, எண்ணிக்கொண்டிருப்பார். நேரத்தை மாற்றுவதால் கெடுதல் இல்லை, ஆனால் கனமான செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) போடும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

ஒப்பிடும் பழக்கத்தை அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன், அது யாராலும் முடியாது. நண்பனின் எடையைப் பார்க்காமல் அவர் மூச்சை எப்போது இழுக்கிறார், பாதத்தை எப்படி ஊன்றுகிறார் என்று பாருங்கள், கேளுங்கள். எண்ணை ஒப்பிட ஒரு நோட்டு போதும். தேதி, எடை, ரெப், அதோடு "இன்னும் எத்தனை ரெப் போட்டிருக்க முடியும்" என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசிக் குறிப்புதான் முக்கியம். போன மாதம் 40 கிலோவில் எட்டு ரெப்போடு தீர்ந்துபோன நீங்கள் இன்று எட்டு முடித்தும் மூன்று மிச்சம் வைத்திருந்தால், எடை மாறாமலே பலம் கூடியிருக்கிறது. கண்ணாடி இதைக் காட்டாது.

முதுகு சரியானதும் வெறும் கம்பியில் தொடங்குங்கள். வழக்கமான பெரிய பார்பெல் கம்பியே 20 கிலோ. மூன்று செட், எட்டெட்டு ரெப். மெல்ல ரெப்பைக் கூட்டி, மூன்று செட்டிலும் முதுகு வளையாமல் பன்னிரண்டு வரை வந்தால் அடுத்த முறை பக்கத்துக்கு 1.25 கிலோ வீதம் மொத்தம் 2.5 கூட்டி, திரும்ப எட்டிலிருந்து ஆரம்பியுங்கள். எட்டு முடியும்போது இரண்டு ரெப்பாவது மிச்சம் இல்லை என்றால், பழைய எடையிலேயே இன்னொரு வாரம் இருங்கள்.