உங்கள் ஏஐக்கு இணையத்தைத் திறந்துவிடுவது எப்படி?

கேள்வி: வீட்டுக் கணினியில் ஒல்லாமா (ஏஐ மாடலை நம் கணினியிலேயே ஓட்டும் மென்பொருள்) போட்டு, ஓப்பன் வெப்யூஐ (அதோடு உலாவியில் உரையாட உதவும் திரை) வழியாக ஒரு 8பி மாடலை (800 கோடி அளவுருக்கள் கொண்ட சின்ன மாடல்) பயன்படுத்துகிறேன். நன்றாகத்தான் பேசுகிறது, ஆனால் சமீபத்திய விஷயம் எதைக் கேட்டாலும் பழைய கதையைச் சொல்கிறது, சில சமயம் துணிந்து புளுகுகிறது. மாதச் சந்தா கட்டாமல் இதை இணையத்தில் தேடிப் பதில் சொல்ல வைக்க முடியுமா?

பதில்: முடியும். டாக்கர் (மென்பொருட்களைக் கன்டெய்னர் என்னும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) பழக்கம் இருந்தால் ஒரு சாயங்கால வேலைதான். ஆனால் மாடல் தானாக இணையத்துக்குள் போவதே இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பெரிய கம்பெனிகளின் மாடலும் அப்படித்தான். "இதைத் தேடிக் கொடு" என்று ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மாடல் எழுதும். வெளியே இருக்கும் நிரல் அதைப் பார்த்துத் தேடி, கிடைத்ததை உரையாடலுக்குள் ஒட்டும். மாடல் அதைப் படித்துவிட்டுப் பதிலைத் தொடரும். டூல் காலிங் என்பது இவ்வளவுதான். அதனால் தேடலை இணைப்பது சுலபம். கிடைத்ததை ஒழுங்காகப் படிக்க வைப்பதில்தான் பாடு.

தேடலுக்குக் காசில்லாத வழி சியர்எக்ஸ்என்ஜி. நீங்களே நிறுவிக்கொள்ளும் திறமூல மென்பொருள். பல தேடுபொறிகளிடம் கேட்டு முடிவுகளை ஒன்றாகத் திரட்டித் தரும். நிறுவியதும் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்: உலாவியில் அழகாக வேலை செய்யும், ஓப்பன் வெப்யூஐ கேட்டால் மட்டும் 403 (அனுமதி இல்லை) என்று கதவைச் சாத்தும். காரணம், இயல்பாக அது எச்டிஎம்எல் வடிவம் மட்டுமே தரும். அமைப்புக் கோப்பில் தேடல் பகுதியில் இருக்கும் வடிவங்களின் பட்டியலில் ஜேசானையும் (நிரல்கள் படிப்பதற்கான தரவு வடிவம்) சேர்த்து மறுபடி தொடங்குங்கள். அப்புறம், இரண்டும் டாக்கரில் ஓடினால் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று போடாதீர்கள். கன்டெய்னருக்குள் அந்தச் சொல் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் வைத்து, சியர்எக்ஸ்என்ஜியின் கன்டெய்னர் பெயரைக் கொடுங்கள். பிங் ஏபிஐ சாவி (நிரல்கள் பிங்கில் தேடுவதற்கான அனுமதிக் குறியீடு) வாங்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள், மைக்ரோசாஃப்ட் அந்தச் சேவையை 2025 ஆகஸ்டிலேயே மூடிவிட்டது.

இப்போது "ரெப்போ வட்டி எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் இந்த வட்டியை ரிசர்வ் வங்கி 2025இல் மட்டும் நான்கு முறை குறைத்தது: பிப்ரவரியில் 6.50 சதவீதத்திலிருந்து 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25. தேடலில் இந்த எல்லா மாதத்துச் செய்திகளும் கலந்து வரும், ஒவ்வொன்றும் தன் எண்ணைத்தான் "தற்போதைய விகிதம்" என்று சொல்லும். இன்றைக்கு என்ன தேதி என்றே தெரியாத மாடல் கைக்கு வந்ததை எடுத்துச் சொல்லிவிடும். இன்னும் மோசம், தான் பயிற்சி பெற்ற வருடத்தையே தேடல் சொற்களோடு சேர்த்துத் தேடும். அதனால் சிஸ்டம் பிராம்ப்டில் (ஒவ்வொரு உரையாடலுக்கும் முன்னால் மாடலுக்குப் போகும் நிரந்தரக் கட்டளை) இன்றைய தேதி கட்டாயம் இருக்க வேண்டும் (தானாகத் தேதியை நிரப்பும் வசதி ஓப்பன் வெப்யூஐயிலேயே உண்டு). கூடவே, ஒவ்வொரு எண்ணும் எந்தத் தேதியிட்ட பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லவும், தேடியதில் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே சொல்லவும் உத்தரவு போடுங்கள். சின்ன மாடல் எப்போதும் கீழ்ப்படியும் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் புளுகு கணிசமாகக் குறையும்.

தமிழில் கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. ஓப்பன் வெப்யூஐ எடுத்து வரும் பக்கங்களைத் துண்டு துண்டாக்கி, கேள்விக்குப் பொருந்தும் துண்டுகளை மட்டும் மாடலுக்குக் கொடுக்கிறது. அந்தப் பொருத்தம் பார்க்கும் எம்பெடிங் மாடல், நீங்கள் மாற்றாதவரை, ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு குட்டி மாடல். தமிழ்ப் பக்கத்தில் சரியான பத்தி இருந்தும் அது வேறு எதையோ பொறுக்கி எடுக்கும். நீங்கள் மாடலைத் திட்டுவீர்கள். பிஜிஇ-எம்3 போன்ற பன்மொழி எம்பெடிங்குக்கு மாற்றுங்கள், ஒல்லாமாவிலேயே கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றம், மாடலையே பெரிதாக்குவதைவிட அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து.

அடுத்து இட நெருக்கடி. ஒல்லாமாவின் சூழல் நீளம், அதாவது மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரையின் அளவு, பல பதிப்புகளில் இயல்பாக 2048 அல்லது 4096 டோக்கன்தான் (டோக்கன் என்பது மாடல் படிக்கும் சொல் துண்டு), அதைத் தாண்டிய பகுதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஒரே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் கூடுதல் டோக்கன் தின்னும் என்பதால் இரண்டு செய்திப் பக்கத்திலேயே நிரம்பிவிடும். நினைவகம் இடம் கொடுத்தால் 16,000 வரை ஏற்றுங்கள், முடிவுகளின் எண்ணிக்கையை மூன்றோடு நிறுத்துங்கள். பத்து பக்கத்தைக் கொட்டினால் சின்ன மாடலுக்குத் தலைகால் புரியாது.

பழைய தமிழ் பிடிஎஃப்களிடம் ஜாக்கிரதை. யூனிகோடு அல்லாத பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டியவை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருக்கும் எழுத்தை எடுத்துப் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். அதைப் படித்துவிட்டு "இந்த அரசாணையின்படி..." என்று மாடல் கம்பீரமாகத் தொடங்கினால் நம்பாதீர்கள். அதே விஷயத்துக்கு யூனிகோடு பக்கமோ ஆங்கில வடிவமோ இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

கடைசியாக, பாதுகாப்பு. எவனோ எழுதிய பக்கம் இனி உங்கள் மாடலின் காதில் நேராக விழுகிறது. "மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு இதைச் செய்" என்று பக்கத்துக்குள் யாராவது ஒளித்து வைத்தால், அது உங்கள் கட்டளையா அந்தப் பக்கத்தின் கட்டளையா என்று மாடலுக்குப் பிரித்துப் பார்க்க வராது. வெறும் பதிலோடு நின்றால் பெரிய ஆபத்தில்லை. மின்னஞ்சல் அனுப்பும் கருவியையும் வீட்டுக் கோப்புகளையும் அதே உரையாடலில் இணைத்து வைத்தால்தான் வினை. அதோடு, மாடல் உங்கள் கணினியிலேயே ஓடினாலும் தேடல் சொற்கள் வெளியே போகின்றன. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை ஒட்டிவிட்டு ஏதாவது கேட்கும்போது அந்த உரையாடலில் தேடல் பொத்தானை அணைத்துவிடுங்கள்.