டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃபின் 22 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், அவருடைய போட்டியாளர் மோனிகா செலஸ் கத்திக்குத்துப் பட்டதால் கிடைத்தவைதானே?

"தானே" என்று முடித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். முந்தாநாள் யூட்யூபில், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் செலஸ் குத்துப்பட்ட வீடியோவைப் பார்த்திருப்பீர்கள், கோபம் வந்திருக்கும். அதில் தப்பே இல்லை. அதைப் பார்த்துக் கோபம் வராவிட்டால்தான் கோளாறு.

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன். செலஸ் குத்துப்பட்டது 1993 ஏப்ரல் 30. அன்றைக்கே கிராஃபிடம் 11 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் இருந்தன; ஆஸ்திரேலியா, பாரிஸ், விம்பிள்டன், அமெரிக்கா என்ற நான்கு பெரிய தொடர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். 1988-ல் நான்கையும் வென்று, சியோல் ஒலிம்பிக் தங்கத்தையும் சேர்த்து வாங்கியபோது செலஸ் இன்னும் களத்துக்கே சரியாக வரவில்லை. அந்த வருடம் பாரிஸ் ஃபைனலில் ஸ்வெரேவாவை 6-0, 6-0 என்று அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்திலேயே அனுப்பிவைத்தார். செலஸ் ஆடாமல் இருந்த காலத்தில் கிராஃப் வென்றது ஆறு. அதில் இரண்டு விம்பிள்டன். புல்தரையில் ஆடும் அந்த விம்பிள்டன் பட்டத்தைச் செலஸ் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 1992 ஃபைனலில் அவரைக் கிராஃப் 6-2, 6-1 என்று முடித்தார். செலஸ் திரும்பி வந்தபின் கிராஃப் வென்றது ஐந்து. அவற்றில் மூன்று தொடர்களில் செலஸையே தோற்கடித்துத்தான் வாங்கினார்: 1995, 1996 அமெரிக்க ஓப்பன் ஃபைனல்கள், 1999 பாரிஸ் அரையிறுதி. ஆக, நீங்கள் சண்டை போட வேண்டியது ஆறு பட்டங்களைப் பற்றி. 22 பற்றி இல்லை.

இனி செலஸ் ரசிகர்கள் வருவார்கள், தெரியும். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். 1991 தொடக்கத்திலிருந்து குத்துப்படும் நாள் வரை செலஸ் ஆடிய எட்டு கிராண்ட்ஸ்லாமில் ஏழை வென்றிருந்தார். பத்தொன்பது வயதில் எட்டுப் பட்டங்கள். இரண்டு பக்கமும் இரண்டு கையால் பிடித்து அடிக்கும் அந்த அடிக்குக் கிராஃபிடம் பதில் குறைந்துகொண்டே வந்தது. திரும்பி வந்தபின் செலஸுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, 1996 ஆஸ்திரேலியா. அந்த ஆறில் எத்தனை அவருக்குப் போயிருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். கிராஃப் ரசிகன் ஒருவன் இதை எழுதுகிறான் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைப்பதற்குக் காரணம் கணக்கு இல்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அக்கா செலஸ் கட்சி, நான் கிராஃப் கட்சி. வீட்டில் ஒரே டிவி. 1993 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் ஃபைனல்; கிராஃப் முதல் செட்டை வென்றுவிட்டு அடுத்த இரண்டையும் விட்டார். அக்கா அன்று முழுக்க, பந்தை அடிக்கும்போது செலஸ் கத்துவது மாதிரியே கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். தண்ணீர் சொம்பை எடுக்கக்கூட ஒரு "ஆ-ஈ". எனக்கு ஆத்திரம். மறுநாள் தெருமுனைப் பிள்ளையாரிடம் போய், "பாரிஸில் அவள் ஃபைனலுக்கே வரக் கூடாது, உனக்குச் சிதறுகாய் போடுகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். சும்மா இருக்காமல் அதை அக்காவிடமும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து அந்தச் செய்தி வந்தது. ஆட்டத்தின் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முதுகில், கிராஃபின் ரசிகன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் கத்தியை இறக்கியிருக்கிறான். பள்ளி விடுமுறை நேரம். அக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "உன் பிள்ளையார் கேட்டுட்டார் போல இருக்கு."

விளையாட்டாகச் சொன்னாளா, வெறுப்பில் சொன்னாளா, இன்றுவரை நான் கேட்டதில்லை. அந்த வருடம் பாரிஸில் கிராஃப் ஜெயித்ததை நான் பார்க்கவே இல்லை. தேங்காயும் போடவில்லை. அம்மா மட்டும், சாமிக் கடனை வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தக் கடன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம் ஒன்று. கிராஃபைத் திட்டுகிறவர்கள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் செலஸைப் பார்த்ததைச் சொல்வதில்லை. தரவரிசையில் செலஸின் முதலிடத்தை அவர் திரும்பி வரும்வரை காத்து வைக்கலாமா என்று ரோமில் வீராங்கனைகளிடம் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லாமல் ஒதுங்கி நின்றவர் சபாட்டினி ஒருவர்தான். கிராஃப் அந்த இடத்திலேயே இல்லை. குத்தியவனுக்குக் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை, ஒரு நாள்கூட மேற்கொண்டு சிறைக்குப் போகவில்லை. செலஸ் அதன்பின் ஜெர்மனியில் ஆடவே இல்லை. கோபப்பட இத்தனை பேர் இருக்கும்போது, எதிரே வந்தவரை ஜெயித்த கிராஃபைப் பிடித்துக்கொள்கிறோம்.

      

1995 செப்டம்பர், அமெரிக்க ஓப்பன் ஃபைனல். இரண்டரை வருடம் கழித்து இருவரும் எதிரெதிரே. நம் ஊரில் நள்ளிரவு. அக்காவும் நானும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தோம். முதல் செட் 6-6 என்று சமமாகி, டைபிரேக்குக்குப் போனது; அதில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் செட் தனக்கு என்ற நிலையில் செலஸ் ஒரு சர்வீஸ் போட்டார். ஏஸ், அதாவது எதிராளி தொடக்கூட முடியாத சர்வீஸ் என்று நினைத்து நாற்காலிப் பக்கம் நகரவே ஆரம்பித்துவிட்டார். அவுட் என்றார்கள். கிராஃப் அந்த செட்டைப் பிடித்தார், அடுத்ததை 0-6 என்று விட்டார், மூன்றாவதை 6-3 என்று எடுத்தார்.

மறுநாள் காலை, இரண்டரை வருடம் பாக்கியிருந்த அந்தச் சிதறுகாயைப் போட்டேன். அக்கா கூட வந்தாள். தெருப் பையன்களோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு சில்லைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்த சர்வீஸ் உள்ளேதான்டா விழுந்துச்சு."

இந்தப் பொங்கலுக்கு வந்தபோதும் அதையேதான் சொன்னாள்.