வாசகர் கேள்வி – பதில்: வரிசையில் நிற்கத் தெரியாதவர்களா?

கேள்வி: 2005-ஆம் ஆண்டு சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கன் வாங்கப் போன 42 பேர் நெரிசலில் சிக்கி இறந்தார்கள். 2023-இல் வாணியம்பாடியில் இலவசச் சேலைக்கான டோக்கன் வாங்கப் போய் நான்கு பெண்கள் இறந்தார்கள். எத்தனை பட்டாலும் நம் மக்களுக்கு ஒழுங்காக வரிசையில் நிற்கத் தெரியவில்லையே, ஏன்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: எம்.ஜி.ஆர். நகரில் மாண்டவர்களுக்கு நிற்கத் தெரிந்திருந்தது. டிசம்பர் 18 அன்று விடிவதற்கு வெகுநேரம் முன்பே, டோக்கன் கொடுக்கவிருந்த பள்ளியின் வாசலில் வந்து நின்றவர்கள் அவர்கள். அன்றோடு டோக்கன் கொடுப்பது முடிந்துவிடும் என்ற பேச்சு பரவியிருந்தது. விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாத கூட்டம் பள்ளிக்குள் நுழைய முண்டியது. முன்னால் இருந்தவர்கள் விழுந்தார்கள். நிவாரணத் தொகை 2,000 ரூபாய். வாரக்கணக்கில் பெய்த மழையில் குடிசைக்குள் தண்ணீர் புகுந்து, கட்டட வேலையும் நின்றுபோன ஒரு சித்தாள் பெண்ணுக்கு அது எத்தனை நாள் கூலி என்பதை நாம் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 6 அன்று வியாசர்பாடியில், இதே வெள்ள நிவாரணம் வாங்க வந்த கூட்டத்தில் ஆறு பேர் இறந்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை கிடைத்து ஆறு வாரம் கழித்தும் ஆயிரக்கணக்கானோரை ஒரே பள்ளியின் வாசலுக்கு வரவழைத்தது நிர்வாகம்தான், வந்தவர்கள் அல்ல.

முந்தி வந்தவருக்கு உண்டு, பிந்தியவருக்கு இல்லை என்ற ஐயம் ஒரு கூட்டத்தில் விழுந்துவிட்டால், பொறுமையாக நிற்பது ஏழைக்குக் கட்டுப்படியாகாது. அந்த ஐயத்தை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. பொங்கல் பரிசுத் தொகை வழங்கும்போது ரேஷன் கடைக்காரர்கள் வீடு வீடாகப் போய் டோக்கன் கொடுக்கிறார்கள். எந்தத் தேதியில், எந்த நேரத்தில் வர வேண்டும் என்று அதில் குறிப்பிட்டிருக்கும். அந்தச் சிறு காகிதம் கையில் இருப்பவர் நள்ளிரவில் எழுந்து ஓடுவதில்லை. சமையலை முடித்து, பையை எடுத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குப் போகிறார். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளுக்கு இப்படித்தான் பணம் போய்ச் சேர்கிறது. 2015 வெள்ளத்தின்போது நிவாரணம் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. 2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் வழியாக, முன்கூட்டியே கொடுத்த டோக்கனின்படி வழங்கப்பட்டது. வாங்கியவர்கள் அதே ஏழைகள்தாம், அவர்களுடைய தேவையும் அதேதான். மாறியது கொடுக்கும் முறை.

கேள்வி: நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டுத்தானே இறக்கிறார்கள்? கூட இருப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாதா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை, மூச்சு முட்டித்தான் இறக்கிறார்கள். நாலாபுறமும் உடல்கள் அழுத்தும்போது மார்புக்கூடு விரிய இடமில்லாமல் போகிறது; நின்ற நிலையிலேயே உயிர் பிரிந்தவர்களும் உண்டு. ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து பேருக்கு மேல் வந்துவிட்டாலே ஆபத்து தொடங்கிவிடும்; ஏழு பேரைத் தாண்டினால் எந்தப் பக்கம் நகர்வது என்பது அவரவர் கையில் இருக்காது. முன்னால் ஒருவர் விழுந்தது பின்னால் பத்து வரிசை தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. அவரையும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆகவே கூட இருந்தவர்களின் மனச்சாட்சியைக் கேள்வி கேட்பதில் பொருளில்லை.

இது ஏழைகளுக்கே உரிய சாவும் அல்ல. 2022-இல் தென்கொரியத் தலைநகர் சியோலில், பண்டிகைக் கொண்டாட்டத்துக்கு வந்த 159 பேர் ஒரு குறுகிய சந்தில் இப்படித்தான் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989-இல் நடந்த நெரிசலுக்கு 97 பேர் பலியானார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று காவல்துறை சொன்னது பொய் என்பது நிலைநாட்டப்பட ஏறத்தாழ 27 ஆண்டுகள் ஆயின. செத்தவர்கள் மேல் பழி போடும் வழக்கம் அங்கேயும் உண்டு என்று ஆறுதல் கொள்ளலாம், வேண்டுமானால்.

கேள்வி: என் தந்தையார் நினைவு நாளில் ஆண்டுதோறும் இருநூறு பேருக்குச் சேலை, வேட்டி கொடுக்கிறோம். வாணியம்பாடிச் செய்தியைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கொடுப்பதை நிறுத்தாதீர்கள், வரச்சொல்வதை நிறுத்துங்கள். 2004-இல் லக்னோவில் ஓர் அரசியல்வாதியின் பிறந்தநாளுக்குச் சேலை வாங்க வந்த பெண்களில் 21 பேர் இறந்தார்கள். 2010-இல் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர் மாவட்டத்தில் ஓர் ஆசிரமம் துணியும் பாத்திரமும் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்களில் 63 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், மாண்டுபோனார்கள். 2023 ஏப்ரலில் ஏமன் நாட்டின் சனா நகரில் வணிகர்கள் ஆளுக்கு 5,000 ரியால் கொடுத்த இடத்தில், அதுவும் ஒரு பள்ளிதான், 78 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்தப் பணம் அங்கே பத்து டாலருக்கும் கீழே. இந்த மூன்று இடங்களிலும் கொடுக்கிறவரைத் தேடி வாங்குகிறவர் வர வேண்டியிருந்தது.

உங்களுக்கு இருநூறு பேர்தான். எந்தத் தெரு, எந்த வீடு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். முந்தைய வாரம் இரண்டு பேரை அனுப்பி வீட்டிலேயே கொடுத்துவிடலாம். ஓரிடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று குடும்பத்தில் யாராவது வற்புறுத்தினால், சுவரொட்டி ஒட்டாதீர்கள். பெயர் எழுதிய சீட்டை முன்பே கொடுத்து மணிக்கு முப்பது பேர் என்று பிரித்துவிடுங்கள். உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக வேறொரு வழியும் இருக்கட்டும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சீட்டு இல்லாமல் வருபவர்களுக்கென்று ஐம்பது சேலை கூடுதலாக வைத்திருங்கள்; தீர்ந்துபோய்விட்டது என்ற சொல் வாசலில் காதில் விழுந்தால் போதும், தள்ளுமுள்ளு தொடங்கிவிடும். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் மேடையும் புகைப்படமும் இருக்காது. அதற்கு உங்கள் வீட்டார் சம்மதிப்பார்களா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.