பிளஸ் ஒன் குரூப்பும் அட்மிரல் கனவும்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பத்தாம் வகுப்பு முடித்த மகள் கடற்படையில் அட்மிரல் ஆக வேண்டும் என்கிறாள், அதற்கு எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ முடித்ததும் படைவீரராகச் சேரும் அக்னிவீர் திட்டத்தில் சேர்த்துவிடச் சொல்கிறார்களாம் உறவுக்காரர்கள். உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து தளத்து விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆசை வருவது இயல்புதான். அதைத் தட்டிக்கழிக்காமல் என்னிடம் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

அட்மிரல் பதவிக்கு நேரடித் தேர்வு எதுவும் கிடையாது. அதிகாரியாக உள்ளே போய், படிப்படியாக ஏற வேண்டும். சப் லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர் வரைக்கும் சர்வீஸ் கணக்கில் வந்துவிடும். கமாண்டர் ஆகச் சுமார் 13 வருடம். அதற்கு மேலே கேப்டன், கொமடோர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல் எல்லாம் தேர்வுக்குழு பார்த்துக் கொடுப்பது. ரியர் அட்மிரல் ஆனால் அவருக்கென்று ஒரு கொடி உண்டு. அவர் இருந்து படைக்குத் தலைமை தாங்கும் கப்பலில் அது ஏறும். தரைப்படையில் மேஜர் ஜெனரலும் விமானப்படையில் ஏர் வைஸ் மார்ஷலும் இதற்குச் சமம்.

இப்போது வயதுக் கணக்கைப் பாருங்கள். ரியர் அட்மிரல் 58 வயதில் ஓய்வு பெறுகிறார், வைஸ் அட்மிரல் 60இல். அட்மிரலாக இருக்கும் கடற்படைத் தளபதிக்கு 62 வயது அல்லது பதவியில் மூன்று வருடம், எது முன்னால் வருகிறதோ அது. 22 வயதில் அதிகாரியானால் 35இல் கமாண்டர், மீதி இருபது வருடத்துக்கு மேல் ஏறுவதற்கு இருக்கிறது. 28இல் அதிகாரியானால் கமாண்டர் ஆகும்போதே 41. திறமை ஒன்றாகவே இருந்தாலும் மேல்படிக்கு முன்னால் வயது வந்து நின்றுவிடும். அக்னிவீரில் நான்கு வருடம். அதன்பின் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுக்கப்படுகிறார்கள். அங்கிருந்து அதிகாரியாக வழி உண்டு, ஆனால் சில வருடங்கள் போய்விடும். சீக்கிரம் சம்பளம் தேவைப்படும் வீட்டுக்கு அக்னிவீர் மரியாதையான வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உங்கள் மகள் கேட்கிற இடத்துக்கு அது சுற்றுவழி.

நேர்வழி என்டிஏ, அதாவது முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. அதன் நுழைவுத் தேர்வை மத்தியத் தேர்வாணையமான யுபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். 2022இலிருந்து பெண்களையும் சேர்க்கிறார்கள். புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், அப்புறம் கேரளத்து எழிமலைக் கடற்படை அகாடமியில் ஒரு வருடம். பயிற்சிச் செலவு அரசாங்கத்துடையது. கடற்படைப் பிரிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். அதனால்தான் பிளஸ் ஒன் குரூப் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். காமர்ஸ் எடுத்துவிட்டால் இந்த வாசல் மூடிவிடும்.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத் திறனுக்கு 600. அதில் ஆங்கிலம் மட்டும் 200. தேறினால் படைத் தேர்வு வாரியத்தின் எஸ்எஸ்பி நேர்காணல், ஐந்து நாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கணக்கில் சோடை போவதில்லை, தடுமாறுவது ஆங்கிலத்தில் பேசும் இடத்தில்தான். இன்றிலிருந்தே தினமும் ஒரு ஆங்கிலப் பத்திரிகைப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததை அவளே ஆங்கிலத்தில் சொல்லட்டும். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

உங்கள் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கும் கடலோரக் காவல்படையும் கடற்படையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அது தனிப்படை, அங்கே கமாண்டன்ட், டிஐஜி, ஐஜி என்றுதான் பதவிகள், அட்மிரல் இல்லை.

டாக்டர் ஆகும் ஆசையும் இருந்தால் புனேயில் படைகளின் மருத்துவக் கல்லூரியான ஏஎஃப்எம்சியும் உண்டு. புனிதா அரோரா அங்கே படித்தவர். தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரலாகவும் கடற்படையில் சர்ஜன் வைஸ் அட்மிரலாகவும் இருந்தார்.

அதிகாரிகளில் பெரும்பாலோர் அட்மிரல் படியை எட்டுவதில்லை என்பதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கமாண்டராக ஓய்வு பெறுபவரும் ஒரு போர்க்கப்பலில் பொறுப்பு சுமந்தவர்தான்.

குரூப் படிவம் கொடுக்கும் முன் ராமநாதபுரத்தில் கண் மருத்துவரிடம் கூட்டிப்போய், பார்வையோடு நிறப்பார்வையையும் சோதித்துவிடுங்கள். கப்பல் ஓட்டும் பிரிவுக்கு நிறப்பார்வை சரியாக இருந்தே ஆக வேண்டும். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதற்கேற்ப எந்தப் பிரிவைக் குறிவைப்பது என்று பேசலாம்.