டிபார்ட்மென்ட் செமினாரா, காசு கட்டி வாங்கும் சான்றிதழா?

கேள்வி: கணிதத்தில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிராஃப் லேபிளிங், அதாவது புள்ளிகளும் கோடுகளுமாக உள்ள வரைபடங்களுக்கு எண் கொடுப்பது, என் பகுதி. அடுத்த மாதம் எங்கள் துறையின் ஸ்காலர் செமினாரில் 50 நிமிடம் பேச வேண்டும். 64 ஸ்லைடு செய்து வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டு மடக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பேசினாலும் சான்றிதழ் கிடையாது. தெரிந்த ஒருவர், 8,500 ரூபாய் கட்டினால் ஆன்லைன் சர்வதேச மாநாட்டில் பத்து நிமிடம் பேசலாம், சான்றிதழும் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரையும் வந்துவிடும், அது இல்லாமல் தீசிஸ் கொடுக்க முடியாது என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். செமினாரில் பேசுங்கள்.

'அது இல்லாமல் முடியாது' என்பது பழைய கதை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2016 விதிகளில் அப்படித்தான் இருந்தது: தீசிஸ் கொடுக்கும் முன் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு மாநாடு அல்லது கருத்தரங்கில் பேசியிருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. காசுக்குச் சான்றிதழும் கட்டுரையும் ஏற்பாடு செய்யும் தரகர்கள் இதை ஒருநாளும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் கடை நடப்பதே பழைய விதியால்தான். 'யுஜிசி கேர் பட்டியல் இதழ்' என்று இன்னும் விளம்பரம் செய்கிறார்கள். தரமான இதழ்கள் என்று வைத்திருந்த அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். யுஜிசி விட்டதை உங்கள் பல்கலைக்கழகம் விடாமல் வைத்திருக்கலாம், அதற்கு அந்த உரிமை உண்டு. நீங்கள் பதிவு செய்த தேதியில் நடப்பில் இருந்த பிஎச்.டி. விதிகளின் முழு நகலை வாங்குங்கள். சீனியர் சொன்னதும் வாட்ஸ்அப்பில் வந்ததும் கணக்கில் வராது. எத்தனை கட்டுரை, எத்தனை பேச்சு, துறைக்குள் பேசியது சேருமா என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். புரியாததை கைடு வழியாக எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அலுவலகத்தில் 'சர்க்குலர் வரலை, அப்புறம் வாங்க' என்பார்கள். ஒரு மாணவர் மூன்று ஆண்டு உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு எந்த விதி தனக்குப் பொருந்தும் என்று தெரியாமல் செக்‌ஷன் செக்‌ஷனாக அலைவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு தாளில் அச்சடித்து ஒட்டினால் தீர்கிற வேலை இது! அலுவலகம் தெளிவாகச் சொல்லாததால்தான் தரகர் சொல்வது வேதவாக்காகிறது.

பல்கலைக்கழகம் அப்படியே கட்டுரை கேட்டாலும் இந்த வழி வேண்டாம். நல்ல கணித இதழ் ஒரு கட்டுரையைப் பரிசீலிக்கப் பல மாதம் எடுக்கும், ஓராண்டும் ஆகும். மூன்று நாளில் 'ஏற்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தால் யாரும் படிக்கவில்லை என்று பொருள். ஸ்கோபஸ் தன் இதழ்களின் பட்டியலை இலவசமாகவே பார்க்கவிடுகிறது, நீக்கப்பட்ட இதழ்களும் அதில் தெரியும். கணிதக் கட்டுரைகளைத் தொகுக்கும் ஸெட்பிமேத் தளமும் 2021 முதல் இலவசம். இதழின் பெயரை இரண்டிலும் நீங்களே தேடுங்கள். தரகர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள், நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்கள் உண்டு.

காசு வாங்கிச் சான்றிதழ் தரும் அத்தகைய மாநாடு ஒன்றில் நான் ஒருமுறை அமர்வுத் தலைவராக உட்கார்ந்திருக்கிறேன். ஆளுக்கு ஏழு நிமிடம், கேள்விக்கு நேரமே இல்லை. பேசி முடித்தவர்கள் சான்றிதழ் மேசைக்குப் போய் வரிசையில் நின்றார்கள். அன்று ஒரு மாணவியின் இரண்டாவது லெம்மாவில் (துணைத்தேற்றத்தில்) ஓட்டை இருந்தது. அதை எடுத்துச் சொல்ல எனக்கும் இடம் கிடைக்கவில்லை. அதன்பின் அந்தப் பக்கம் போனதில்லை.

சரி, உங்கள் பேச்சுக்கு வருவோம். 64 ஸ்லைடு என்றால் ஒன்றுக்கு 47 நொடிகூட வராது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு சாக்பீஸைக் கையில் எடுங்கள். வரிசையாக நான்கு புள்ளிகள், இடையில் மூன்று கோடுகள் வரையுங்கள். புள்ளிகளுக்கு 0, 3, 1, 2 என்று எண் கொடுங்கள். அடுத்தடுத்த வித்தியாசம் 3, 2, 1, எதுவும் திரும்ப வரவில்லை. இதுதான் கிரேஸ்ஃபுல் லேபிளிங். இப்போது ஒரு வட்டத்தில் 0 முதல் 6 வரை ஏழு புள்ளிகள் வைத்து, அதே எண்களைத் தொட்டு அந்த மூன்று கோடுகளைப் போடுங்கள். ஒவ்வொரு படியாக ஏழு நிலைகளில் சுழற்றுங்கள். ஏழு புள்ளிகளை இணைக்கும் 21 கோடுகளும் ஆளுக்கு ஒருமுறை வந்துவிடும்.

அறையில் அல்ஜீப்ரா செய்கிறவரும் நிமிர்ந்து உட்காருவார். அப்போது சொல்லுங்கள்: எந்த மரத்தை (வளையம் இல்லாமல் ஒன்றாக இணைந்த கிராஃப்) எடுத்தாலும் இப்படி நிரப்பலாம் என்று கணிதவியலாளர் ரிங்கல் 1963-ல் ஊகித்தார். மரத்துக்கு கிரேஸ்ஃபுல் லேபிளிங் இருந்தால் அது நடக்கும் என்று ரோசா 1967-ல் காட்டினார். ரிங்கலின் ஊகத்தை, போதுமான அளவு பெரிய மரங்களுக்கெல்லாம், மாண்ட்கோமரி, பொக்ரோவ்ஸ்கி, சுடகோவ் மூவரும் 2020-ல் நிறுவினார்கள். எல்லா மரமும் கிரேஸ்ஃபுல்தானா என்பது இன்றும் திறந்த கேள்வி. இதற்கு இருபது நிமிடம் ஆகும். பிறகு உங்கள் முடிவு ஒன்று, ஒன்றே ஒன்று. நிரூபணத்தில் முக்கியமான யோசனையை ஒரு சிறிய எடுத்துக்காட்டில் செய்து காட்டுங்கள். 45 நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி வரத்தான் செய்யும், வர வேண்டும். 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லி, கேள்வியை அங்கேயே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தீசிஸ் கொடுக்கும் முன் ஆலோசனைக் குழுவின் முன்னால் நீங்கள் பேசும்போதும், கடைசி வைவாவிலும், துறையின் ஆசிரியர்களும் ஸ்காலர்களும் வந்து உட்காரலாம். யுஜிசி விதியே அப்படித்தான். இன்று கேட்கிற அதே ஆட்கள் அன்றும் இருப்பார்கள். ஓட்டை இருந்தால் இப்போது தெரிவதே நல்லது. முதல் நாள் மாலை, வேறு பகுதியில் வேலை செய்யும் ஒரு நண்பரை உட்காரவைத்து முதல் பதினைந்து நிமிடத்தைப் பேசிப் பாருங்கள்.

சான்றிதழ் கவலைக்கு: தலைப்பு, தேதி, ஐந்து வரிச் சுருக்கத்துடன் ஒரு அறிவிப்பு தயாரித்து, துறைத் தலைவரிடம் கையொப்பம் வாங்கி பலகையில் ஒட்டுங்கள். வந்தவர்கள் கையெழுத்திட்ட தாளோடு அதன் நகலையும் அடுத்த குழுக் கூட்ட அறிக்கையில் இணைத்துவிடுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை.